நீங்கள் வாக்களித்தவர் எக்ஸ்கோ ஆவாரா? மாநில ஆட்சிக்குழு உருவாகும் விதம்

மாநிலத் தேர்தல் முடிந்த இரவு. உங்கள் தொகுதியில் நீங்கள் வாக்களித்தவர் ஜெயித்துவிட்டார். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் வாழ்த்துகள் குவிகின்றன. "நம்ம ஒய்.பி. இந்தத் தடவை எக்ஸ்கோ ஆயிடுவாரு, பாருங்க" என்று மாமா ஒருவர் குரல் பதிவு அனுப்புகிறார். சில நாள் கழித்து பதவியேற்புச் சடங்கு நடக்கிறது. பட்டியலில் உங்கள் ஒய்.பி. பெயர் இல்லை. அவரைவிடக் குறைந்த வாக்கு வித்தியாசத்தில் ஜெயித்த ஒருவரின் பெயர் இருக்கிறது.

"அப்போ நம்ம ஓட்டுக்கு என்ன மதிப்பு?" என்ற கேள்வி வருவது இயல்புதான்.

மதிப்பு இருக்கிறது. ஆனால், உங்கள் வாக்கு ஒருவரைச் சட்டமன்றத்துக்குள் மட்டுமே கொண்டுபோகும். அங்கிருந்து ஆட்சிக்குழு நாற்காலிக்குப் போக அவர் இன்னும் மூன்று கட்டங்களைத் தாண்ட வேண்டும். அந்த மூன்றிலும் நீங்கள் வாக்களிப்பதில்லை. அங்கே என்ன நடக்கிறது என்பதைப் பார்ப்போம்.

சுருக்கமாக

- சட்டமன்றத்தில் யாருக்குப் பெரும்பான்மை என்பதே முதல் கணக்கு.
- மந்திரி பெசாரை நியமிப்பவர் சுல்தான் அல்லது மாநில ஆளுநர்.
- மற்ற ஆட்சிக்குழு உறுப்பினர்களின் பெயர்களைக் கொடுப்பவர் மந்திரி பெசார்.
- நிலம், ஊராட்சி மன்றம் போன்ற அன்றாட விஷயங்கள் இவர்கள் கையில்தான்.

'எக்ஸ்கோ' என்றால் அமைச்சரா?

கிட்டத்தட்ட ஆமாம். மலேசியாவில் 13 மாநிலங்கள். ஒவ்வொன்றுக்கும் சொந்தச் சட்டமன்றம், சொந்த அரசாங்கம். நாட்டுக்கு அமைச்சரவை என்றால், மாநிலத்துக்கு ஆட்சிக்குழு. அதைத்தான் பேச்சுவழக்கில் எக்ஸ்கோ என்கிறோம். சபாவிலும் சரவாக்கிலும் அவர்களை மாநில அமைச்சர்கள் என்றே அழைக்கிறார்கள்.

தலைவரின் பெயரும் மாறும். சுல்தான் அல்லது ராஜா உள்ள ஒன்பது மாநிலங்களில் மந்திரி பெசார். பினாங்கு, மலாக்கா, சபா ஆகியவற்றில் முதலமைச்சர். சரவாக்கில் 2022 முதல் பிரிமியர்.

கோலாலம்பூர், புத்ராஜெயா, லாபுவான் ஆகியவை கூட்டரசுப் பிரதேசங்கள். அங்கே சட்டமன்றமே கிடையாது. செராஸில் வசிக்கும் உங்கள் நண்பர் பொதுத் தேர்தலில் ஒரே ஒரு வாக்குச்சீட்டு வாங்குவதற்கு அதுதான் காரணம்.

இங்கே பலரும் குழம்பும் ஓர் இடம் உண்டு. சட்டமன்ற உறுப்பினர் என்ற தகுதியை வைத்து யாரும் கூட்டரசு அமைச்சர் ஆக முடியாது. அதற்கு நாடாளுமன்றத்தில் இடம் வேண்டும். போக்குவரத்து அமைச்சர் அந்தோணி லோக் நெகிரி செம்பிலானில் சென்னா சட்டமன்றத் தொகுதியில் ஜெயித்தவர். சிரம்பான் நாடாளுமன்ற உறுப்பினரும் அவரே. அவரை அமைச்சர் பதவிக்குத் தகுதியாக்கியது சிரம்பான், சென்னா அல்ல. அதேபோல், 2008-இல் பேராக் சட்டமன்றத்தின் சபாநாயகரான வி. சிவகுமார், பிற்பாடு பத்து காஜா நாடாளுமன்ற உறுப்பினராகி, அதன் பிறகே 2022 டிசம்பரில் மனிதவள அமைச்சரானார்.

முதல் கட்டம்: தலை எண்ணுவது

மாநில அரசாங்கம் அமைக்க, சட்டமன்ற இடங்களில் பாதிக்கு மேல் ஆதரவு வேண்டும். சிலாங்கூரில் 56 இடங்கள், ஆகவே 29 பேர் தேவை. பேராக்கில் 59 இடங்கள், 30 பேர் தேவை.

ஒரே கூட்டணி அந்த எண்ணிக்கையைத் தொட்டுவிட்டால் வேலை சுலபம். தொடவில்லை என்றால்தான் கதை சுவாரஸ்யமாகிறது.

2022 நவம்பரில் பேராக்கில் நடந்ததைப் பாருங்கள். பெரிக்காத்தான் நேஷனலுக்கு 26, பக்காத்தான் ஹராப்பானுக்கு 24, பாரிசான் நேஷனலுக்கு 9. யாருக்கும் 30 இல்லை. பக்காத்தானும் பாரிசானும் கைகோர்த்தன. 24-உம் 9-உம் சேர்ந்து 33. அரசாங்கம் அமைந்தது. ஆனால், மந்திரி பெசார் ஆனவர் யார் தெரியுமா? 9 இடம் மட்டுமே வைத்திருந்த பாரிசானின் சாரானி முகமட்.

அதிக இடம் வென்ற கட்சிக்குத்தான் தலைமை நாற்காலி என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. அவையில் பெரும்பான்மையோரின் நம்பிக்கை யாருக்கு இருக்கிறது என்பது மட்டுமே கேள்வி. 9 பேர் கொண்ட அணியின் தலைவருக்கு 33 பேர் ஆதரவு இருந்தால், அவருக்கு 33 பேர் ஆதரவு இருக்கிறது. அவ்வளவுதான்.

பேராக்குக்கு இது புதிதும் அல்ல. 2008-இல் அங்கே ஆட்சியைப் பிடித்த மூன்று கட்சிகளில் ஜ.செ.க.வுக்கு 18 இடங்கள், பி.கே.ஆருக்கு 7, பாஸ் கட்சிக்கு 6. மந்திரி பெசார் ஆனவர் பாஸ் கட்சியின் நிசார் ஜமாலுடின். பேராக் அரசியலமைப்பின்படி மந்திரி பெசார் மலாய் முஸ்லிமாக இருக்க வேண்டும். அந்த விதியைத் தளர்த்த சுல்தானுக்கு அதிகாரம் உண்டு. பினாங்கு, மலாக்கா போன்ற ஆளுநர் உள்ள மாநிலங்களில் அப்படி ஒரு நிபந்தனை இல்லை.

இரண்டாவது கட்டம்: அரண்மனை

எண்ணிக்கை சேர்ந்துவிட்டது. அடுத்து யார்?

கூட்டரசு அரசியலமைப்பின் எட்டாவது அட்டவணை, எல்லா மாநிலங்களுக்கும் பொதுவான சில விதிகளை வகுத்திருக்கிறது. அதன் சாரம் இதுதான்: சட்டமன்றப் பெரும்பான்மையினரின் நம்பிக்கையைப் பெறக்கூடியவர் என்று ஆட்சியாளர் கருதும் ஒரு சட்டமன்ற உறுப்பினரை, அவர் மந்திரி பெசாராக நியமிப்பார்.

'கருதும்' என்ற சொல்லைக் கவனியுங்கள். மாநில ஆட்சியாளர் பெரும்பாலான விஷயங்களில் ஆட்சிக்குழுவின் ஆலோசனைப்படிதான் நடக்க வேண்டும். மந்திரி பெசாரை நியமிப்பது அந்தப் பொதுவிதிக்கு விதிவிலக்கு. இதில் அவருடைய சொந்த முடிவுக்கு இடம் இருக்கிறது.

அந்த இடம் எவ்வளவு பெரியது? 2014-இல் சிலாங்கூர் அதைப் பார்த்தது. அன்றைய மந்திரி பெசார் காலிட் இப்ராஹிமை மாற்ற அவருடைய கட்சியே முடிவு செய்தது. வான் அஸிஸா வான் இஸ்மாயிலுக்கு 56 உறுப்பினர்களில் 30 பேர் ஆதரவுக் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். கணக்குப்படி அது போதுமானதுதான். ஆனால், ஒவ்வொரு கட்சியும் இரண்டுக்கும் மேற்பட்ட பெயர்களைத் தர வேண்டும் என்று அரண்மனை கேட்டது. இறுதியில், 2014 செப்டம்பர் 23 அன்று பதவியேற்றவர் அஸ்மின் அலி.

கட்சி முன்னிறுத்தும் முகமே மந்திரி பெசார் ஆகும் என்பதற்கும் உத்தரவாதம் இல்லை. 2022 மார்ச் 12 அன்று நடந்த ஜொகூர் தேர்தல் இதற்கு நல்ல உதாரணம். 18 வயதினர் வாக்களித்த முதல் மாநிலத் தேர்தல் அது. பாரிசான் 56-இல் 40 இடங்களை வென்றது. பிரசாரத்தில் மந்திரி பெசார் வேட்பாளராக முன்னிறுத்தப்பட்டவர், அப்போது அந்தப் பதவியில் இருந்த ஹஸ்னி முகமட். மூன்று நாள் கழித்துப் பதவியேற்றவர் மாச்சாப் சட்டமன்ற உறுப்பினர் ஓன் ஹபிஸ் காஸி.

முதல்முறை வாக்களித்த பல இளைஞர்களுக்கு அது ஒரு பாடம். வாக்குச்சீட்டில் இருப்பது தொகுதி வேட்பாளரின் பெயர். மந்திரி பெசார் பெயர் எந்த வாக்குச்சீட்டிலும் இருப்பதில்லை.

மூன்றாவது கட்டம்: மந்திரி பெசாரின் பட்டியல்

இங்கேதான் உங்கள் ஒய்.பி.யின் தலைவிதி எழுதப்படுகிறது.

மந்திரி பெசார் பதவியேற்ற பிறகு, அவருடைய ஆலோசனைப்படி ஆட்சியாளர் மற்ற ஆட்சிக்குழு உறுப்பினர்களை நியமிப்பார். எட்டாவது அட்டவணை சொல்லும் எண்ணிக்கை: குறைந்தது 4 பேர், அதிகபட்சம் 10 பேர். எல்லாரும் சட்டமன்ற உறுப்பினர்களாக இருக்க வேண்டும்.

கூட்டரசு அளவில் ஒரு பக்கவாசல் உண்டு. தேர்தலில் நிற்காத ஒருவரையும் செனட்டராக்கி அமைச்சர் ஆக்கலாம். 2020-இல் தெங்கு ஸப்ருல் அசிஸ் நிதியமைச்சரானது அப்படித்தான். மாநிலங்களில் மேலவை இல்லை. அதனால் அந்த வாசலும் பொதுவாக இல்லை. பகாங், சபா போன்ற சில மாநிலங்களில் மட்டும், தேர்ந்தெடுக்கப்பட்டவர்களோடு சில நியமன உறுப்பினர்களும் சட்டமன்றத்தில் இருக்கிறார்கள்.

இப்போது கணக்கைப் பாருங்கள். 2023 ஆகஸ்ட் தேர்தலில் சிலாங்கூரின் ஆளும் தரப்புக்கு 34 இடங்கள் கிடைத்தன. மந்திரி பெசாரையும் சேர்த்து நாற்காலிகள் 11. மீதி 23 பேர் ஆளும் தரப்பில் இருந்தாலும் ஆட்சிக்குழுவில் இல்லை. அவர்களைப் பின்வரிசை உறுப்பினர்கள் என்பார்கள்.

11 பேரை எப்படிப் பொறுக்குவது? திறமை, அனுபவம் இரண்டும் பார்க்கப்படும். ஆனால் அவை மட்டும் போதாது. கூட்டணியில் உள்ள ஒவ்வொரு கட்சிக்கும் பங்கு வேண்டும். கட்சித் தலைமை தன் தரப்புப் பெயர்களைக் கொடுக்கும். மாவட்டங்கள் விடுபடக்கூடாது. பெண்கள் இருக்க வேண்டும். எல்லா இனமும் தெரிய வேண்டும். இந்த எல்லாக் கட்டங்களையும் ஒரே நேரத்தில் நிரப்புவது கிட்டத்தட்ட சுடோக்கு மாதிரி. 15,000 வாக்கு வித்தியாசத்தில் ஜெயித்தவர் வெளியே நிற்பதற்கும், 500 வாக்கில் ஜெயித்தவர் உள்ளே போவதற்கும் பெரும்பாலும் இதுதான் காரணம்.

பெயர் வந்தவர்கள் பதவிப் பிரமாணமும், இரகசியக் காப்புப் பிரமாணமும் எடுத்த பிறகே வேலையைத் தொடங்க முடியும். தன் துறையோடு தொடர்புள்ள எந்தத் தொழிலையும் வியாபாரத்தையும் அவர்கள் செய்யக்கூடாது. ஆட்சிக்குழு எடுக்கும் முடிவுகளுக்கு எல்லாரும் கூட்டாகச் சட்டமன்றத்துக்குப் பதில் சொல்ல வேண்டும். "அது என் துறை இல்லை" என்று ஒதுங்க முடியாது.

நம் பிரதிநிதி உள்ளே இருக்கிறாரா?

தமிழ் வாசகர்கள் பட்டியலில் முதலில் தேடுவது இதைத்தான். அதில் தப்பில்லை.

சிலாங்கூரில் 2008 முதல் ஒரு தொடர்ச்சி இருக்கிறது. முதலில் ஸ்ரீ அண்டலாஸ் சட்டமன்ற உறுப்பினர் சேவியர் ஜெயகுமார். 2013 முதல் வீ. கணபதிராவ். 2023-இல் பந்திங் சட்டமன்ற உறுப்பினர் வீ. பாப்பாராயுடு. பினாங்கில் 2008-இல் பேராசிரியர் பி. இராமசாமி இரண்டாவது துணை முதலமைச்சரானார். 2023 வரை அந்தப் பதவியில் இருந்தார். பேராக்கில் 2022-இல் சுங்கை சட்டமன்ற உறுப்பினர் அ. சிவநேசன் ஆட்சிக்குழுவில் இடம்பெற்றார். ஜொகூரில் அதே ஆண்டில் ம.இ.கா.வின் கே. இரவின் குமார்.

கெடாவில் 2023-இல் நிலைமை வேறு. 36 இடங்களில் 33-ஐப் பெரிக்காத்தான் வென்றது. அந்த 33 பேரில் இந்தியர் ஒருவரும் இல்லை. அதனால் ஆட்சிக்குழுவிலும் இல்லை. சுங்கை பட்டாணி, கூலிம் வட்டாரங்களில் தமிழர்கள் கணிசமாக வாழும் மாநிலம் அது.

இதில் ஒரு எளிய விதி ஒளிந்திருக்கிறது. சட்டமன்றத்தில் இல்லாதவரை ஆட்சிக்குழுவில் வைக்க முடியாது. எந்தத் தொகுதியில் யாரை நிறுத்துவது என்று கட்சிகள் முடிவெடுக்கும் நாளிலேயே, பிற்பாடு வரப்போகும் ஆட்சிக்குழுவின் முகம் பாதி தீர்மானமாகிவிடுகிறது. பதவியேற்பு நாளில் வருத்தப்படுவதைவிட, வேட்பாளர் பட்டியல் வரும்போது கேள்வி கேட்பது பயனுள்ளது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஆட்சிக்குழுவில் ஓர் இந்தியர் இருப்பதாலேயே எல்லாம் நடந்துவிடாது. 11 பேர் கூடிப் பேசும் அறையில் அவருடையது ஒரு குரல். அவரிடம் என்ன துறை இருக்கிறது, எவ்வளவு ஒதுக்கீடு இருக்கிறது என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

நாற்காலி எப்போது பறிபோகும்?

நம்பிக்கையால் வந்த பதவி, நம்பிக்கை போனால் போகும். பெரும்பான்மையை இழந்த மந்திரி பெசாருக்கு இரண்டே வழி. சட்டமன்றத்தைக் கலைக்கச் சொல்லி ஆட்சியாளரிடம் கேட்கலாம். அதற்குச் சம்மதம் கிடைக்காவிட்டால், முழு ஆட்சிக்குழுவோடு சேர்ந்து பதவி விலக வேண்டும்.

சரி, பெரும்பான்மை போய்விட்டது என்பதை யார், எப்படிச் சொல்வது? இந்தக் கேள்விக்குப் பேராக் இரண்டு தடவை, இரண்டு விதமாகப் பதில் பார்த்திருக்கிறது.

2009 பிப்ரவரியில், ஆளும் பக்காத்தான் தரப்பிலிருந்து மூன்று சட்டமன்ற உறுப்பினர்கள் விலகி, பாரிசானை ஆதரிப்பதாக அறிவித்தார்கள். 31-க்கு 28 என்றிருந்த கணக்கு, 28-க்கு 31 என்று தலைகீழானது. சட்டமன்றத்தைக் கலைக்கும்படி நிசார் கேட்டார். சுல்தான் சம்மதிக்கவில்லை. பிப்ரவரி 6 அன்று பாரிசானின் ஸம்ரி அப்துல் காதிர் மந்திரி பெசாராகப் பதவியேற்றார். அவையில் வாக்கெடுப்பு எதுவும் நடக்கவில்லை.

வழக்கு நீதிமன்றத்துக்குப் போனது. மே மாதத்தில் உயர் நீதிமன்றம் நிசாருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. அதே மாதத்தில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை மாற்றியது. 2010 பிப்ரவரி 9 அன்று கூட்டரசு நீதிமன்றம் இறுதியாகச் சொன்னது: நம்பிக்கை இழந்ததைச் சட்டமன்ற வாக்கெடுப்பில்தான் காட்ட வேண்டும் என்பதில்லை; வேறு வழிகளிலும் ஆட்சியாளர் அதை அறிந்துகொள்ளலாம்.

2020-இல் வேறு வழி. டிசம்பர் 4 அன்று மந்திரி பெசார் அகமட் பைசால் அசுமுவின் மீதான நம்பிக்கை அவையிலேயே வாக்கெடுப்புக்கு விடப்பட்டது. ஆதரவு 10, எதிர்ப்பு 48, செல்லாதது 1. ஒரே நாளில் சந்தேகத்துக்கு இடமில்லாமல் முடிந்தது. அவரும் பதவி விலகினார்.

இரண்டு வழிகளும் சட்டப்படி ஏற்கத்தக்கவை. ஆனால் வாக்காளராக உங்களுக்கு ஒரு வித்தியாசம் உண்டு. இரண்டாவது வழியில், அவையில் நடந்த வாக்கெடுப்பின் எண்ணிக்கை எல்லார் முன்னாலும் பதிவாகிறது. முதல் வழியில், மூடிய கதவுகளுக்குப் பின்னால் நடந்ததைச் செய்தியாகத்தான் தெரிந்துகொள்கிறீர்கள்.

கட்சித் தாவலுக்குக் கடிவாளம் போட, 2022 அக்டோபர் 5 முதல் கூட்டரசு அரசியலமைப்பில் புதிய விதி நடப்புக்கு வந்தது. கட்சியை விட்டு விலகும் நாடாளுமன்ற உறுப்பினர் தன் இடத்தை இழப்பார். சட்டமன்ற உறுப்பினர்களுக்கும் இதைப் பொருத்த, மாநிலங்கள் தத்தம் அரசியலமைப்பைத் திருத்த வேண்டும். ஆனால் ஓட்டைகள் இல்லாமல் இல்லை. கட்சியே ஒருவரை நீக்கினால் அவர் இடம் பறிபோகாது. ஒரு கட்சி முழுதாகக் கூட்டணி மாறினாலும் இந்த விதி தடுக்காது.

உங்கள் தெருவுக்கும் இதற்கும் என்ன தொடர்பு?

புத்ராஜெயாவில் இருக்கும் அமைச்சரின் பெயர் நமக்கு நன்றாகத் தெரியும். மாநில எக்ஸ்கோவின் பெயர் கேட்டால் யோசிப்போம். ஆனால் அன்றாட வாழ்க்கையில் பல விஷயங்கள் இவர் பக்கம்தான் இருக்கின்றன.

முக்கியமானது நிலம். அரசியலமைப்பின்படி நிலம் மாநிலத்தின் அதிகாரம். கல்வி கூட்டரசின் பொறுப்பு. ஆகவே ஒரு தமிழ்ப்பள்ளிக்கு ஆசிரியர்களை அனுப்புவது கல்வியமைச்சு. அந்தப் பள்ளி நிற்க அரசாங்க நிலம் ஒதுக்குவது மாநிலம். கோயிலுக்கு நிலப்பட்டா, மயான நிலம், வீடமைப்புத் திட்டத்துக்கு நில அனுமதி எல்லாம் இப்படித்தான். தோட்டத்திலிருந்து வெளியேறிய எத்தனையோ குடும்பங்கள் நிலப் பிரச்சினைக்காக மாநில அலுவலகத்துக்கு அலைந்த கதையை உங்கள் தாத்தா பாட்டியிடம் கேட்டால் சொல்வார்கள்.

அடுத்தது ஊராட்சி மன்றம். குப்பை, கால்வாய், தெருவிளக்கு, கடை உரிமம், வாகன நிறுத்துமிடம் எல்லாம் அதன் வேலை. 1965-இல் ஊராட்சித் தேர்தல்கள் நிறுத்திவைக்கப்பட்டன. 1976 ஊராட்சிச் சட்டத்துக்குப் பிறகு தேர்தலே இல்லாமல் போனது. இன்று நகராண்மைக் கழக உறுப்பினர்களை நியமிப்பது மாநில அரசாங்கம். ஊராட்சியில் நமக்கு நேரடி வாக்கு இல்லை என்பதால், சட்டமன்றத்துக்குப் போடும் ஒரு வாக்கே அந்த வேலையையும் சேர்த்துச் செய்கிறது.

உங்கள் ஒய்.பி. ஆட்சிக்குழுவுக்குப் போகவில்லை என்றாலும் அவர் வெறும் கையோடு இல்லை. அவையில் கேள்வி எழுப்பலாம். வரவுசெலவுத் திட்டத்தில் குறை சொல்லலாம். ஆட்சிக்குழுவைப் பதவியில் வைத்திருக்கும் பெரும்பான்மையில் அவருடைய தலையும் ஒன்று. அதை அவர் பயன்படுத்துகிறாரா என்று பார்ப்பது உங்கள் வேலை.

அடுத்த மாநிலத் தேர்தலுக்கு முன்

வாக்களிக்கப் போகும் முன் நான்கு கேள்விகளுக்குப் பதில் தேடிப் பாருங்கள்.

1. உங்கள் மாநிலச் சட்டமன்றத்தில் மொத்தம் எத்தனை இடம்? பெரும்பான்மைக்கு எத்தனை வேண்டும்?
2. எந்தக் கட்சிக்கும் அந்த எண்ணிக்கை கிடைக்காவிட்டால், உங்கள் வேட்பாளரின் கட்சி யாரோடு சேரத் தயார், யாரோடு சேராது? இதைப் பிரசாரத்தின்போதே அவரிடம் கேளுங்கள்.
3. உங்கள் மாநிலத்தின் கட்சித் தாவல் தடை விதி என்ன சொல்கிறது?
4. இப்போது நிலம், ஊராட்சி, வீடமைப்பு ஆகிய துறைகளை வைத்திருக்கும் எக்ஸ்கோ யார்? மாநில அரசாங்க இணையத்தளத்தில் பெயரும் அலுவலக முகவரியும் இருக்கும்.

நான்காவது கேள்விக்குத் தேர்தல் வரை காத்திருக்கத் தேவையில்லை. உங்கள் தெருவில் கால்வாய் அடைத்திருந்தால், இன்றைக்கே தேடலாம்.